குண்டலுபேட்டையில் எடுக்காமல் விட்ட சிரிப்பு

அக்காவின் முதல் வருஷத் திதிக்கு வந்திருக்கும் பெரியவர்களுக்கும், சொந்தபந்தங்களுக்கும், நாடக, சினிமா நண்பர்களுக்கும் வணக்கம். இந்த நினைவு மலரில் நானும் எழுத வேண்டும் என்று வீட்டில் சொன்ன நாளிலிருந்து எனக்கு ஒரே பயம். நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். அச்சில் ஏறிவிட்டால் திரும்ப அழிக்க முடியாதே என்று நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது.

இப்படிப்பட்ட கட்டுரையில் பிறந்தது, வளர்ந்தது எல்லாம் சொல்லிக் கடைசியில் நன்றி சொல்வார்கள். நானும் அப்படித்தான் எழுதப்போகிறேன். ஆனால் நடுவில் ஒரு விஷயம் இருக்கிறது. அதுவரை வராமல் மலரை மடித்துப் பைக்குள் வைத்துவிடுவீர்களோ என்ற பயத்தில் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அக்காவை எடுத்துப் போன அன்று, நம் வீட்டு கேட்டில் நிறுத்தி அக்காவின் கடைசிப் படத்தை எடுத்த டைரக்டர் தம்பியைத் திட்டித் திருப்பி அனுப்பினீர்கள். அக்காவின் சாவுக்கு அவர்தான் காரணம் என்று இன்றைக்கும் பேசுகிறீர்கள். அவர் மேல் தப்பில்லை. தப்பு என்னுடையது. எப்படி என்று சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

அக்கா பிறந்தது கொள்ளேகாலில். அப்பாவுக்கு அங்கே பட்டு நூல் முறுக்கும் இடத்தில் வேலை. அது நின்றுபோனதும் மைசூருக்கு வந்து, தேவராஜ மார்க்கெட்டில் ஒரு வெற்றிலைக் கடையில் சேர்ந்தார். அப்போது அக்காவுக்கு ஆறு வயது, நான் கைக்குழந்தை. மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஒற்றை அறை வீடு. வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் கன்னடம். கடைக்கு வெற்றிலை வாங்க வருகிறவர்கள் எப்படி நடப்பார்கள், எப்படிப் பேரம் பேசுவார்கள், வாங்கிய கவுளிக் கட்டை எப்படி மூக்கில் வைத்துப் பார்ப்பார்கள் என்று அக்கா அச்சு அசலாகச் செய்து காட்டுவார். அப்பா சாப்பிடுகிற கையோடு சிரிப்பார். அம்மா மட்டும், "இது எங்க போயி நிக்கப் போகுதோ" என்பார். என் பயமெல்லாம் அம்மா வழி.

பள்ளிக்கூட நாடகத்தில் அக்கா கிழவர் வேஷம் போட்டதைப் பார்த்து, கன்னட வாத்தியார் ஒருவர் ஒரு நாடகக் குழுவில் சேர்த்துவிட்டார். அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: "பெரியவ தனியாப் போகக் கூடாது. சின்னவளும் கூடப் போறதானா போகட்டும்." அதனால் பத்து வயதிலிருந்து நானும் ஒத்திகைக்குப் போனேன். வகுப்பில் தூங்கினேன். வெளியூர் நாடகம் என்றால் பள்ளிக்கூடமே கிடையாது. ஏழாம் வகுப்பில் பேரை எடுத்துவிட்டார்கள். இதை நான் குறையாக எழுதவில்லை. படிப்பும் எனக்கு அப்படி ஒன்றும் ஏறவில்லை. அக்காவுக்குத்தான் அது முள்ளாக இருந்தது. யாரிடம் என்னை அறிமுகம் செய்தாலும், "இவ என் தங்கச்சி. நான் நடிகையாகறதுக்கு இவதான் பள்ளிக்கூடத்தை விட்டா" என்பார். வேண்டாம் அக்கா என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.

என் வேலை தலை பின்னுவது, சேலைப் பையைப் பார்த்துக்கொள்வது, வெந்நீர் பிளாஸ்க் சுமப்பது, பிறகு பயப்படுவது. நாடகம் ஆரம்பிக்கும் முன் மேடை முழுக்கச் செருப்பில்லாமல் நடந்து பார்ப்பேன், ஆணி கீணி இருந்தால் என் காலில் குத்தட்டும் என்று. அக்கா மற்றவர்களிடம் சொல்லிச் சிரிப்பார்: "மழை வரலைன்னா ஏன் வரலைன்னு பயப்படுவா. வந்தா ஏன் வந்துச்சுன்னு பயப்படுவா."

ஹனூரிலிருந்து அக்காவுக்கு ஒரு சம்பந்தம் வந்தது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். கல்யாணத்துக்கு அப்புறம் வேஷம் கட்டக் கூடாது என்றார் மாப்பிள்ளை. "நான் வந்தா நீங்க உங்க உரக்கடையை மூடிருவீங்களா?" என்று அக்கா கேட்டார். மாப்பிள்ளை சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. எனக்குக் கல்யாணமாகி, அப்பா அம்மா காலமான பின் அக்கா எங்களோடுதான் இருந்தார். என் வீட்டுக்காரரை ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, "மாப்ளை" என்றுதான். என் மகளைக் கல்லூரி வரை படிக்க வைத்தவர் அக்கா.

மேடை, டி.வி. தொடர், கன்னடப் படம், இந்தப் பக்கம் எடுக்க வரும் தமிழ்ப் படம் என்று முப்பது வருஷத்துக்கு மேல் நடித்தார். கதாநாயகியாக ஒரு தடவைகூட இல்லை. மருத்துவச்சி, மாமியார், பூக்காரி, கோர்ட்டில் சாட்சி சொல்கிறவள், பையன் செத்த தாய். இப்படிச் சின்ன வேஷம் போடுகிறவர்கள் சேலையைத் தாங்களே கொண்டுபோக வேண்டும். பூக்காரி வேஷமென்றால் அக்கா மார்க்கெட்டுக்குப் போய், உண்மையான பூக்காரம்மாவுக்குப் புதுச் சேலை ஒன்றைக் கொடுத்து அவர் உடுத்திய பழையதை வாங்கி வருவார். அந்த அம்மா படத்தைப் பார்க்க தியேட்டருக்குப் போய், "அய்யோ, என் சீலை! என் சீலை!" என்று எழுந்து நின்று கத்தியதாக வந்து சொன்னார். அக்காவுக்கு எந்த விருதும் அவ்வளவு சந்தோஷம் தந்ததில்லை.

பிணமாக நடிப்பதிலும் அக்காவுக்கு ஒரு பேர் இருந்தது. இதை நினைவு மலரில் எழுதலாமா என்று தெரியவில்லை, ஆனால் எழுதாமல் மேலே போக முடியாது. நெஞ்சு ஏறி இறங்குவது கேமராவில் தெரிந்தால் மறுபடியும் எடுக்க வேண்டும். அக்கா மூச்சை அப்படி அடக்குவார். எவ்வளவு நேரம் என்றாலும் அசையமாட்டார்.

சினிமாவில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. சாவுக் காட்சி முடிந்து "கட்" சொன்னாலும் கேமராவை நிறுத்தமாட்டார்கள். பிணமாகப் படுத்தவர் தானே கண்ணைத் திறந்து, மாலையைத் தன் கையாலேயே கழற்றிவிட்டு, கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அதையும் படம் பிடித்த பிறகுதான் எழுந்திருக்க வேண்டும். படத்தில் அது வராது. ஆளுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்பதற்காக எடுப்பது. அக்காவுக்கு இதில் நம்பிக்கை இருந்ததா என்று கேட்டால், பாதி இருந்தது. எனக்கு முழுசாக இருந்தது.

கடைசிப் படத்தை குண்டலுபேட்டைப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில் எடுத்தார்கள். டைரக்டர் சின்ன வயசு, சாமராஜநகரத்துப் பையன். அக்காவை "அம்மா" என்பார், என்னை "சிக்கம்மா" என்பார், நம்மில் சித்தி என்பது போல. கன்னடத்தில்தான் பேசுவார், நான் தமிழில் எழுதுகிறேன். அக்கா அந்தப் படத்தில் கதாநாயகனின் அம்மா. கூடத்தில் படுக்கவைத்து, மூக்கில் பஞ்சு, நெற்றியில் காசு, தாடையில் கட்டு, கழுத்தில் சாமந்தி மாலை. கேமரா வாசலிலிருந்து மெதுவாக வந்து அக்கா முகத்தில் நிற்க வேண்டும், நடுவில் வெட்டக் கூடாது. முதல் தடவை அழுகிற பெண்களில் ஒருவர் தும்மினார். இரண்டாவது தடவை கேமரா எங்கேயோ இடித்தது. மூன்றாவது தடவை எல்லாம் சரியாகப் போனது. வெளியே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

நான் கதவுக்குப் பின்னால் நின்று அக்காவின் நெஞ்சையே பார்த்தேன். அசைவே இல்லை. விரல் நுனி நீலமாக இருந்த மாதிரி எனக்குப் பட்டது. "கட்" என்றார் தம்பி. அக்கா கண்ணைத் திறக்கவில்லை. திறக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். சிரிக்கிற ஷாட்டுக்குக் கேமரா கிட்டே வரட்டும் என்று காத்திருப்பார். முப்பது வருஷம் கூடவே போன எனக்கு இது தெரியாதா? தெரிந்தும் ஓடினேன். "அக்கா! அக்கா!" என்று பஞ்சைப் பிடுங்கி, மாலையைப் பிய்த்து எறிந்து, தோளைப் பிடித்து உலுக்கினேன்.

அக்கா கண்ணைத் திறந்தார். சிரிப்பில்லை. "என்னடி பண்ணிட்டே?" என்றார்.

கேமராவை நிறுத்திவிட்டார்கள். தம்பி வந்து, "பரவாயில்லை சிக்கம்மா, மாலையைத் திரும்பப் போட்டு ரெண்டு நிமிஷத்துல எடுத்துரலாம்" என்றார். நான் விடவில்லை. "ஒருக்கா கழட்டின சாவு மாலையைத் திரும்பக் கழுத்துல போடுறதா? என் உசுரு இருக்கறவரைக்கும் விடமாட்டேன்" என்று அந்த மாலையைக் காலடியில் மிதித்துக்கொண்டு நின்றேன். அத்தனை பேர் முன்னால் கத்தினேன். அக்கா தலையைக் குனிந்துகொண்டார். மழை பிடித்துக்கொண்டது. எல்லாரும் விளக்குகளை மூட ஓடினார்கள். அன்றைக்கு அவ்வளவுதான். மறுநாள் அக்காவுக்கு வேலை இல்லை, நாங்கள் பஸ் ஏறி வந்துவிட்டோம்.

இதுதான் நடந்தது. ஆனால் உங்களிடம் நான் போனில் என்ன சொன்னேன்? "சிரிக்கிற ஷாட்டை எடுக்காமலே விட்டுட்டாங்க, அந்த டைரக்டருக்கு ஒண்ணும் தெரியலை" என்றேன். கொள்ளேகால் சித்தப்பாவிடம் சொன்னேன், ஹனூர் அத்தையிடம் சொன்னேன். எடுக்கவில்லை என்று சொன்னேன். ஏன் எடுக்கவில்லை என்று யாரிடமும் சொல்லவில்லை.

மூன்று மாதம் கழித்து, ஒரு நாடகத்துக்குப் போன இடத்தில் படியேறும்போது அக்கா நடுப்படியில் உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் இதய வால்வு பழுது என்றார்கள், இது பழைய வியாதி என்றார்கள். "மூச்சு வாங்கறது எப்ப இருந்தும்மா?" என்று டாக்டர் கேட்டார். "ரெண்டு வருஷமா" என்றார் அக்கா, என் முகத்தைப் பார்க்காமல். வெளியே தெரிந்தால் வேஷம் தரமாட்டார்கள் என்று என்னிடமே மறைத்திருக்கிறார். ஆணிக்கும் மழைக்கும் பயந்த எனக்கு இது கண்ணில் படவில்லை. அன்று விரலில் நான் பார்த்த நீலம் மெய்தானோ என்னவோ, இன்றுவரை தெரியாது.

அடுத்த வாரமே ஆபரேஷன் என்றார்கள். டாக்டர் சொன்னதெல்லாம் என் காதில் ஏறவில்லை. அந்தச் சிரிப்பை எடுக்காமல் அக்காவை உள்ளே அனுப்பினால் திரும்பி வரமாட்டார் என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. டைரக்டர் தம்பிக்குப் போன் செய்தேன். வாடகைக் கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம் என்றார். மறுநாள் செய்தேன், போனை எடுக்கவில்லை. அதற்கு மறுநாள், மகளை அக்காவோடு உட்காரவைத்துவிட்டு, அந்தப் படத்தில் அக்கா உடுத்திய சேலையைப் பையில் வைத்துக்கொண்டு காலை ரயிலில் பெங்களூர் போனேன். தனியாக ரயில் ஏறியது அதுதான் முதல் தடவை.

படத்தை வெட்டி ஒட்டுகிற இடத்தைத் தேடிப் பிடித்தேன். தம்பி வெளியே வந்து என்னைப் படிக்கட்டில் உட்காரச் சொன்னார்.

"சிக்கம்மா, அன்னைக்கு நான் எடுக்கலாம்னுதானே சொன்னேன்?"

"ஆமாப்பா. நான்தான் விடலை."

"உங்க ஊர்லருந்து யாரோ போன் பண்ணிக் கண்டபடி பேசினாங்க. நான் அம்மாவைக் கொல்லப் பார்க்கறேனாம்."

சேலைப் பையை மடியில் வைத்து அழுத்திக்கொண்டே இருந்தேன்.

"அவங்களுக்கு நீங்க சொல்லலியா?" என்று கேட்டார்.

"சொல்லலை."

தம்பி போனை எடுத்துத் தேதி பார்த்தார். "என்னைக்கு ஆபரேஷன்?" என்றார்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மத்தியானம் ஒரு சின்னக் கேமராவை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். அக்காவுக்கு நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. கேமராவையும், தம்பியையும், என் பையையும் பார்த்தார். ஒரு நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது.

"ஏண்டி, இதுக்கா பெங்களூர் போனே? கோயிலுக்குப் போறேன்னு சொன்னியே."

"அக்கா, திட்டாதே. ஒரே ஒரு ஷாட்."

"எனக்காகவா, உனக்காகவா?"

"எனக்காகத்தான்னு வெச்சுக்கோ."

அக்கா தம்பி பக்கம் திரும்பினார். "சார், ஆஸ்பத்திரிக் கவுன்ல செத்தவ யாரு? முன்னாடி எடுத்த ஷாட்டோட கன்டினியூட்டி இடிக்குமே." நான் சேலையை எடுத்து அவர் மேல் போர்த்தினேன். மாலைக்கு எங்கே போவது? நர்ஸம்மா பூவெல்லாம் உள்ளே கூடாது என்று வாசலிலேயே சொல்லிவிட்டார். "அந்த டவலைக் குடு" என்றார் அக்கா. முறுக்கித் தன் கழுத்தில் தானே போட்டுக்கொண்டார். "நாடகக்காரிக்கு இது போதும். எங்க மேடையில துண்டுதான் மாலை, துண்டுதான் பாம்பு, துண்டுதான் குழந்தை. சொல்லுங்க சார்."

தம்பி மெல்லிய குரலில் "ஆக்‌ஷன்" என்றார்.

அக்கா கண்ணை மூடினார். நெஞ்சு நின்றுபோனது. நாளைக்கு ஆபரேஷன் என்கிற மனுஷி மறுபடியும் மூச்சை அடக்குகிறார்! பக்கத்தில் இருந்த மெஷின் கீச் கீச் என்று கத்தியது. என் கால் தன்னால் முன்னே போயிற்று. தம்பி கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு கையை மட்டும் என் பக்கம் நீட்டித் தடுத்தார். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பிடித்தேன், பிடித்தேன், அப்படிப் பிடித்தேன். நர்ஸம்மா வந்துவிடுவாரோ, மெஷின் நின்றுவிடுமோ, இதற்கு நான்தானே காரணமாகப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டே நின்றேன்.

அக்கா ஒரு கண்ணை மட்டும் திறந்தார். கேமராவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"என்னடி, இன்னைக்கு ஓடி வரலையா?"

என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். நடிப்பில்லை. அக்கா நடிப்புக்குச் சிரிப்பது எனக்குத் தெரியும், இது அது இல்லை. டவலைத் தன் கையாலேயே உருவி என் மேல் எறிந்தார். இருமல் வந்தது, இருமிக்கொண்டே சிரித்தார். தம்பி "கட்" சொல்ல மறந்தே போனார். நர்ஸம்மா வந்து மூன்று பேரையும் கன்னடத்தில் நன்றாகத் திட்டினார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதற்குப் பின் அக்கா ஐந்து மாதம் இருந்தார். அந்தப் படத்துக்கு டப்பிங் பேச பெங்களூர் போய்வந்தார். நின்று பேச வேண்டாம் என்று தம்பியே காரில் அழைத்துப் போய், மைக்கைத் தாழ்த்தி நாற்காலி போட்டுப் பேசவைத்தார். இதுவும் உங்களுக்குத் தெரியாது, நான் சொல்லவில்லை. சொன்னால் முதலிலிருந்து சொல்ல வேண்டுமே.

கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் ஜன்னலோரம் உட்கார்ந்து இரண்டாவது டம்ளர் காப்பி கேட்டார். நான் கொண்டுபோனபோது தலை சாய்ந்திருந்தது. நான் அன்று ஓடவில்லை. விளையாடுகிறார், ஒரு கண்ணைத் திறப்பார் என்று டம்ளரோடு நின்றேன். "போதும் அக்கா, எந்திரி, ஆறிப்போகுது" என்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. என் வீட்டுக்காரர் வந்து பார்த்தார். "நீ ஓடியிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காதம்மா, ஒரு நொடியில போன உயிர்" என்றார் டாக்டர். நம்புகிறேன். சில நாள் நம்ப முடியவில்லை.

அன்று மத்தியானம் டைரக்டர் தம்பி மாலையோடு வந்தார். கேட்டில் சித்தப்பா நின்றிருந்தார். "உசுரோட இருந்த பொம்பளைக்குச் சாவு மாலை போட்டுப் படம் புடிச்சவன் நீதானே? எந்த மொகத்தை வெச்சுக்கிட்டு மறுபடியும் மாலையோட வர்றே?" என்று கேட்டார். சித்தப்பாவை நான் குறை சொல்லவில்லை, அவருக்கு நான் சொன்னது அவ்வளவுதான். கூட இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். "இவங்கதான் ஓடி வந்தாங்க, இவங்கதான் விடலை" என்று தம்பி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. கூட்டத்தின் மேலாக என்னை ஒரு தடவை பார்த்தார். நான் அக்காவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அவர் மாலையைக் காம்பவுண்டுச் சுவர் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். அக்கா அம்மாவாக நடித்த கடைசிப் பிள்ளை, அக்கா முகத்தைப் பார்க்காமல் போனது என்னால்.

அந்த ஷாட்டை எடுக்காததால்தான் அக்கா போனார் என்று இனிமேல் யாரும் சொல்ல வேண்டாம். ஷாட் எடுத்தாயிற்று. எடுத்தவர் அவர்தான். அப்படியும் அக்கா போய்விட்டார். இதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. யாரையாவது பேசித்தான் ஆக வேண்டும் என்றால் என்னைப் பேசுங்கள்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறைய. பயந்து பயந்து யாரையாவது விட்டிருந்தால் மன்னியுங்கள். அக்காவுக்கு மேடையைக் காட்டிய வாத்தியார் குடும்பத்துக்கும், நாடகக் குழுவினருக்கும், ஆஸ்பத்திரியில் எங்களைத் திட்டிய அந்த நர்ஸம்மாவுக்கும், அக்காவுக்கு இறுதிவரை கடைக் காப்பி வாங்கித் தராமல், தானே போட்டுக் கொடுப்பேன் என்று பிடிவாதமாக இருந்த என் வீட்டுக்காரருக்கும், நான் எழுதியதைப் படித்து டைப் செய்த மகளுக்கும், மார்க்கெட்டிலிருந்து அன்று காசு வாங்காமல் பூ அனுப்பியவர்களுக்கும் எங்கள் வணக்கம். டைரக்டர் தம்பிக்கு நன்றி என்று எழுதினால் போதாது.

இன்றைக்கு அவரை அழைத்திருக்கிறேன். வருகிறேன் என்று சொல்லவில்லை. "நோடோண, சிக்கம்மா" என்றார், பார்க்கலாம் என்கிற மாதிரி. இந்த மலரின் முதல் பிரதியை அவருக்குத் தபாலில் அனுப்பிவிட்டேன், தமிழ் படிக்கத் தெரிந்த யாரிடமாவது கேட்டுக்கொள்ளட்டும். சாப்பாட்டுக்கு இலை போடும்போது சித்தப்பாவுக்குப் பக்கத்து இலை அவருக்கு. சித்தப்பா, தயவுசெய்து எழுந்து போய்விடாதீர்கள்.

நான் காலையிலிருந்து கேட்டில்தான் நிற்பேன். என்னை உள்ளே கூப்பிடாதீர்கள், நீங்கள் எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கை
தேவராஜ மொஹல்லா, மைசூரு